தலைவர் மட்டும் வாங்காத எண்ணெய்

மண்ணெண்ணெய் வாங்குவதில்லை என்று எங்கள் கரை மீனவர் சங்கம் முடிவெடுத்த அன்றைக்கே, இது நல்லபடியாய் முடியாது என்று நான் சொன்னேன். தெரிந்து சொன்னதல்ல, கோபத்தில் சொன்னது. சங்கத் தலைவர் என் வீட்டுக்காரர் யோகலிங்கம். சனிக்கிழமை கூட்டம் முடிந்து வந்து, குசினி வாசலில் நின்று, நான் புட்டு அவித்துக்கொண்டிருந்த மண்ணெண்ணெய் அடுப்பைப் பார்த்தபடியே செய்தியைச் சொன்னார். கோபம் வராதா பின்னே.

அது இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம். சண்டை வடக்கில் நடந்தது. திருகோணமலையில் எங்கள் கரைக்கு அது நேரக் கட்டுப்பாடாக வந்து சேர்ந்திருந்தது. விடிந்த பிறகுதான் வள்ளம் இறக்கலாம். போகும்போது கடற்படைக் காவலரணில், அந்தச் சென்றியில், பாஸைக் கொடுத்துவிட்டுப் போய், பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பி வந்து வாங்கிவிட வேண்டும். நாலு மணிக்குப் பிறகு கடலில் அசையும் எதற்கும் மீனவன் என்று பெயர் இல்லை. அதற்கு மேல் விளக்கம் எங்களுக்கு யாரும் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்தான் சாப்பாடு. அந்த வருடம் அதன் விலை ஏறி ஏறிக் கடைசியில் மீனை விட எண்ணெய் பெரிதாகிவிட்டது. அதற்குத்தான் இந்த முடிவு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எங்கள் கரையில் ஒருவரும் எண்ணெய் வாங்குவதில்லை.

“கப்பலில வாற எண்ணெய், புஷ்பம்,” என்றார். “ஆரோ ஒரு வெளிநாட்டுக்காரன் விலை சொல்லுறான், நாங்கள் வாயை மூடிக்கொண்டு குடுக்கிறம். வாங்காட்டி எண்ணெய் தேங்கும். தேங்கினா விலை இறங்கத்தானே வேணும்.”

“எங்கட கரையில எத்தினை வள்ளம்?”

“நாப்பத்திரண்டு.”

“துறைமுகத்துக்கு வாற எண்ணெய்க் கப்பலைப் பாத்திருக்கிறீங்கள்தானே. நாப்பத்திரண்டு வள்ளத்தையும் அதுக்குள்ள அடுக்கினாலும் இடம் மிஞ்சும். நீங்கள் வாங்கிறதும் அதுக்குத் தெரியாது, வாங்காததும் தெரியாது.”

“ஒவ்வொரு கரையும் இப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கிறதாலதான் அவன் ஏத்துறான்.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்திருக்கிறது என்று சொன்னால் மனுசன் விடிய விடியப் பேசுவார் என்பதால் சொல்லவில்லை.

“சரி, வியாழக்கிழமை என்ன செய்வீங்கள்?” என்று கேட்டேன். “வாங்குவீங்கள்தானே. மூண்டு நாள் எண்ணெயையும் சேத்து வாங்குவீங்கள். அவனுக்கு என்ன நட்டம்?”

கையைக் கழுவிக்கொண்டு வந்து புட்டுக்கு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய் வாங்கப் போனவள், குணரத்தினத்தின் எண்ணெய்க் கடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கடையிலிருந்து சந்தி வரைக்கும் வரிசை. கையில் கேன், தகரம், சோடாப் போத்தல், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் போத்தல். எல்லாரும் எங்கள் கரைச் சனம். முதல் நாள் கூட்டத்தில் கை உயர்த்திய அத்தனை பேரும் இருந்தார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. எத்தனை தடையைப் பார்த்த சனம் நாங்கள். ஒரு நாள் சீனி இருக்காது, மறுநாள் பற்றரி இருக்காது, அடுத்த கிழமை நெருப்புப்பெட்டி இருக்காது. நாளைக்கு வாங்கக் கூடாது என்று யார் சொன்னாலும், ஏன் என்று மூளை யோசிக்கும் முன்னே கை கேனைத் தேடிவிடும். புறக்கணிப்பாம், தட்டுப்பாடாம், எங்கள் கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வரிசையின் நடுவில் சங்கச் செயலாளர் றஊப்பும் நின்றான். ஜமாலியாப் பக்கத்து முஸ்லிம் பொடியன், என் தம்பி வயது. சங்கத்தின் அறிவித்தலைத் தன் கையால் எழுதி ஒட்டியவன் அவன்தான்.

“நீயுமா தம்பி?” என்றேன்.

“நாளைக்குத்தானே அக்கா வாங்கக் கூடாது,” என்றான். “இண்டைக்கு ஒண்டும் சொல்லல்லையே.”

அப்போதே நானும் ஒரு கேனைக் கொண்டுவந்து வரிசையில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தலைவரின் மனைவி வரிசையில் நின்றாள் என்று நாளைக்கு நாலு பேர் கதைத்தால் அந்த மனுசனின் முகம் என்னாகும் என்று யோசித்தேன். தேங்காயோடு வீட்டுக்கு வந்து, உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மத்தியானத்துக்குள் குணரத்தினத்தின் கடையில் இருந்த பரல் எல்லாம் காலி. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாளில் அவ்வளவு எண்ணெய் விற்றதில்லை என்று அவரே சொன்னாராம்.

திங்கட்கிழமை விடிய நாற்பத்தொரு வள்ளம் எஞ்சின் சத்தத்தோடு கடலுக்குப் போனது. கரையில் நின்ற ஒரே ஒரு வள்ளம் எங்களுடையது. அதன் தாங்கியில் ஒரு சிரட்டை எண்ணெய்கூட இல்லை. போகிறவர்கள் எல்லாரும் கையைக் காட்டி, “இண்டைக்கு ஒரு சொட்டும் வாங்கேல்ல, தலைவர்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே சங்கத்தின் சொல்லைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

அன்று முழுக்க நான் தென்னம்பாளையை எரித்துச் சமைத்தேன். புகையில் கண் எரிய எரிய, அந்த வெளிநாட்டுக்காரனையும் திட்டினேன், சங்கத்தையும் திட்டினேன், தலைவரையும் திட்டினேன். தலைவர் காது கேளாதவர் மாதிரி, குசினிக்கு மேலே கட்டியிருந்த தறப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அகதி முகாமில் இருந்தபோது நிவாரணத்துக்குக் கிடைத்த நீலத் தறப்பாள் அது. பின்னேரம் ஏறி அதை அவிழ்த்தார்.

“என்ன செய்யிறீங்கள்?”

“பாய் கட்டப் போறன். எங்கட சின்னத் தோணியில பாய் கட்டி நாளைக்குப் போறன். எண்ணெய் இல்லாமலும் தொழில் செய்ய ஏலும் எண்டு காட்டவேணும்.”

“ஆருக்கு? மீனுக்கா?”

அவர் சிரிக்கவில்லை. கோணி ஊசியை எடுத்துக்கொண்டு தைக்கத் தொடங்கிவிட்டார். இருபது வருடமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன். இப்படி ஊசி பிடித்தால் இனி யார் சொன்னாலும் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய் காலை தனியாகத்தான் போனார். ஆவணியில் காலையில் தரையிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அது தோணியைத் தானாகவே வெளியே தள்ளும். மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் அடங்கும், கடலிலிருந்து கொண்டல் எழும்பி உள்ளே கொண்டுவரும். அதைத்தான் அவர் நம்பிப் போனார். நீலப் பாய் காற்றைப் பிடித்துக்கொண்டு அழகாகத்தான் போனது. கரையில் நின்ற சிலர் கைகூடத் தட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் பின்புறம் காயப்போட்ட உடுப்பைப் பார்த்தேன். எல்லாம் கடல் பக்கம்தான் பறந்துகொண்டிருந்தன. ஒரு மணிக்கும் அப்படித்தான். கச்சான் அடங்கவில்லை. ஒன்றரைக்குக் கரைக்குப் போனேன். மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. மீனை ஏற்றிக்கொண்டு ஆட்கள் சந்தைக்கும் வீட்டுக்கும் போய்விட்டார்கள். கடலில் எங்கேயோ ஒரு நீலப் புள்ளி. பார்த்துக்கொண்டே நின்றேன். அது பெரிதாகவில்லை. இரண்டு மணிக்கு அந்தப் புள்ளியில் நீலம் இல்லை. பாயை இறக்கிவிட்டார், துடுப்புப் போடுகிறார் என்று விளங்கியது.

எதிர்க்காற்றில் ஒரு மனுசன் துடுப்பு வலித்து நாலு மணிக்குள் வந்துசேர முடியாது. கரையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

வலைக்குப் பக்கத்தில் றஊப் மட்டும் நின்றான். அவனும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே, ஓடிப்போய் வலை வைக்கும் வாடிக்குள் இருந்து ஒரு கேனைத் தூக்கிவந்து தன் வள்ளத்துத் தாங்கியில் ஊற்றத் தொடங்கினான்.

“அக்கா, கயிறு எறியிறத்துக்கு இன்னொரு ஆள் வேணும். ஆக்களக் கூப்பிடப் போனா நேரம் போயிடும்.”

“நான் வாறன்.”

“நீங்களா?”

“வேற ஆர் கயிறு எறிஞ்சாலும் அந்த மனுசன் பிடிக்காது, தம்பி. உனக்கும் தெரியும்.”

அவன் யோசித்தான். “ஓம், அது சரிதான்,” என்றான்.

சென்றியில் நின்ற சிப்பாய்க்கு முதலில் விளங்கவில்லை. பொம்பிளை கடலுக்கா என்று அரைகுறைத் தமிழில் இரண்டு தரம் கேட்டான். நான் கடலைக் காட்டினேன். புருசன் என்றேன். காற்று என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. அவன் தூரக்கண்ணாடியால் பார்த்தான், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு மணிக்கூட்டைத் தட்டிக்காட்டி நாலு விரலைத் தூக்கினான். அப்போது இரண்டரை.

நான் அதற்கு முன் வள்ளத்தில் ஏறியதெல்லாம் திருவிழாவுக்குப் போகத்தான். அன்று வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த மனுசனைக் கண்டதும் என்ன என்ன சொல்லி ஏச வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். ஏசுவதற்கு அவர் இருக்க வேண்டுமே என்று இடையிடையே கடலைத் துழாவிப் பார்த்தேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கிட்டப் போனோம். துடுப்பைப் பிடித்தபடி குனிந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தது. தோணிக்குள் மீன் என்று பார்த்தால் பத்துப் பதினைந்து சூடை.

தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். முதல் கதை என்ன தெரியுமா?

“என்னத்துக்கு இவ்வளவு எண்ணெயை எரிச்சுக்கொண்டு வந்தனீங்கள்?”

நான் ஒத்திகை பார்த்த ஏச்செல்லாம் மறந்துபோய்விட்டது. கயிற்றை எறிந்தேன். அது அவர் மடியில்தான் விழுந்தது. அவர் தொடவில்லை.

“கரையில சனம் நிக்கும்,” என்றார். “தலைவரை மண்ணெண்ணெய் இழுத்துக்கொண்டு வருது எண்டு சொல்லுவினம். கொண்டல் எழும்பும். நான் வருவன். நீங்கள் போங்கோ.”

“மணி மூண்டாகுது,” என்றேன். “கொண்டலுக்கு நாலு மணிச் சட்டம் தெரியுமா?”

“இண்டைக்கு நான் இந்தக் கயிறைப் பிடிச்சா, இனி ஆர் புஷ்பம் என்ர சொல்லைக் கேப்பினம்? ஒரு ஆளாவது சொன்னபடி நிக்கவேணும்.”

அவர் குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது பிடிவாதம் மட்டும் இல்லை என்று. நாற்பத்தொரு பேரும் கேனோடு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு வந்த நேரத்திலிருந்து இந்த மனுசன் உள்ளே நொந்துபோய்க் கிடந்திருக்கிறார்.

எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்ற றஊப் மெதுவாகச் சொன்னான். “தலைவர், இது ஒங்கட எண்ணெய்தான்.”

“என்ன கதை இது?”

“ஞாயிற்றுக்கிழம ரெண்டு கேன் எடுத்தன். ஒண்டு எனக்கு. அது நேத்தே முடிஞ்சி. மற்றது ஒங்களுக்கு. நீங்க வரிசையில நிக்க மாட்டீங்கண்டு தெரியும். அக்காவும் நிக்க மாட்டாண்டு தெரியும். வீட்ட கொண்டந்து தந்தா எறிவீங்க. அதான் வாடியில வெச்சன். ஒங்கட எண்ணெயிலதான் இப்ப வந்தம்.”

என் வீட்டுக்காரர் அவனையே பார்த்தார். தோணி அலையில் ஆடி ஆடி இன்னும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

“அப்ப நானும் முதலே எடுத்து வைச்ச ஆள்தானா?” என்று கேட்டார்.

“ஓம், தலைவர். நாப்பத்திரண்டு வள்ளமும்தான்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒன்று. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“இஞ்சருங்கோ,” என்றேன். “தலைவரின்ர மனிசியா நான் இருக்கவேணும் எண்டா, முதல்ல தலைவர் உயிரோட இருக்கவேணும். கயிறைக் கட்டுங்கோ. இல்லாட்டி நான் அந்தத் தோணிக்குள்ள வந்து குந்துவன். நாலு மணிக்குப் பிறகு என்ன நடந்தாலும் ரெண்டு பேருக்கும் நடக்கட்டும்.”

சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு காலைத் தூக்கி வள்ளத்து விளிம்பில் வைத்தும்விட்டேன். கடலில் விழுந்தால் எனக்கு நீந்தத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பதறிப்போய்க் கயிற்றை எடுத்தார். தோலுரிந்த கையாலேயே இரண்டு முடிச்சுப் போட்டார்.

எதிர்க்காற்றில் தோணியை இழுத்துக்கொண்டு வள்ளம் ஊர்ந்துதான் வந்தது. றஊப் இடையிடையே வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தான். நான் கரையைப் பார்க்கவில்லை, பின்னால் தோணியில் இருந்தவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கயிறு விறைப்பாக இருக்கிற வரைக்கும் எனக்குப் போதும் என்று இருந்தது.

மணலில் வள்ளம் முட்டியபோது நாலுக்கு ஏழு நிமிடம் இருந்தது. கரையில் சனம் நின்றதுதான். விசயம் பரவிப் பாதி ஊர் வந்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓடிவந்து தோணியைப் பிடித்து இழுத்தார்கள். சிப்பாய் என் அட்டையையும் அவருடைய பாஸையும் ஒன்றாகவே நீட்டினான். அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்ற நான், அதைக் கையில் வாங்கியதும் மணலில் குந்திவிட்டேன். அழுகை வந்தது பாருங்கள், அப்படி ஒரு அழுகை. துக்கமே இல்லை. உடம்பில் இருந்த பாரமெல்லாம் கண்ணால் இறங்கின மாதிரி இருந்தது. அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று பொழுது படும் நேரம் அவர் கைக்கு மருந்து போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்டார். “அப்ப நாங்கள் வாங்காட்டி அவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லையா, புஷ்பம்?”

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நானும் உண்மையைத்தான் சொன்னேன்.

“மூண்டு நாளைக்கு, நாப்பத்திரண்டு வள்ளம், முதல் நாளே நிரப்பி வைச்சுக்கொண்டு செய்தா ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாக் கரையும் சேந்து மாதக்கணக்கில செய்தா என்ன நடக்குமோ எனக்குத் தெரியாது. ஆனா கப்பல்காரனுக்கு நீங்கள் இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான். எனக்கு அப்பிடி இல்லை.”

அவர் கையை என் கையிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார்.

மறுநாள் புதன், புறக்கணிப்பின் கடைசி நாள். விடிந்ததும் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“எங்க?”

“குணரத்தினத்திட்ட. றஊப்புக்கு ஒரு கேன் திருப்பிக் குடுக்கவேணும். எங்கட வள்ளத்துக்கும் வேணும்.”

“இண்டையோட முடியுதுதானே,” என்றேன், வேண்டுமென்றே. “நாளைக்கு வாங்கினா என்ன?”

“கடலுக்கு இண்டைக்கல்லோ போகவேணும்,” என்றார்.

ஒளித்து மறைத்துப் போகவில்லை. நடு ரோட்டால், எல்லாரும் பார்க்க, கேனை ஆட்டிக்கொண்டுதான் போனார். கடையில் நடந்ததை அவரே பிறகு வந்து சொன்னார். குணரத்தினம் கதிரையை விட்டு எழுந்து நின்று வரவேற்றாராம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு புதுப் பரல் இறக்கி வைத்தும் ஒரு சனம் கடைப்பக்கம் வரவில்லை, திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்ததை எப்ப வைப்பீங்கள், தலைவர்? முதலே சொன்னா இன்னும் ரெண்டு பரல் கூட எடுத்து வைப்பன்,” என்று கேட்டாராம்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். அந்த மூன்று நாளில் எங்கள் கரையில் மண்ணெண்ணெய் வாங்கிய ஒரே ஆள் சங்கத் தலைவர்தான். என்றாலும் எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை.

அன்று ஒன்றரை மணிக்கே எஞ்சின் சத்தத்தோடு கரைக்கு வந்துவிட்டார். மீன் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை.